செட்டிக்குளத்து ஈக்கள் இரண்டு

ஈயைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம். எனக்குப் பழகிவிட்டது. நான் விலங்கியல் எடுக்கும் பள்ளியில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ‘ஈ டீச்சர்’ என்கிறார்கள். ஆசிரியர் அறையில் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். நான் சொல்வது சோற்றில் வந்து உட்காரும் ஈ அல்ல. குளத்தில் தண்ணீர் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குள், பாசியை நக்கியே ஆயுளை முடித்துக்கொள்ளும் கரை ஈ. நீளம் இரண்டு மில்லிமீட்டர். கடுகுக்குக் கால் முளைத்து நடந்தால் அவ்வளவு இருக்கும்.

அப்படி ஒரு ஈயை, அதுவரை யாரும் பெயரிட்டு எழுதாத ஒன்றை, செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்திலிருந்து எடுத்து விவரித்து எழுதினேன். வேலை பாதியில் இருக்கும்போது என் கணவர் இறந்துபோனார். இரண்டையும் பிரித்துச் சொல்ல முயன்றுபார்த்தேன். ஈயைப் பற்றி எழுதினால் அவர் வந்துவிடுகிறார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஈயின் அளவுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

புதிய இனம் என்று அறிவிக்க ஒரு முறை இருக்கிறது. பிடித்தவற்றில் ஒன்றை, ஒரே ஒன்றை எடுத்து, ‘இதுதான் அது’ என்று வைக்க வேண்டும். ஹோலோடைப் என்பார்கள். பெயர் அந்த ஒற்றை உடலுக்குத்தான். பின்னால் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த உடலிடம்தான் வர வேண்டும். அதைத் தாங்கும் ஊசியில் சின்னதாக ஒரு லேபிள் இருக்கும்: எங்கே, எந்த நாள், பிடித்தவர் யார். நானும் இருக்க மாட்டேன், என் பள்ளியும் இருக்காது, அப்போது யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்தால் ஒரு ஈயும் ஓர் ஊரும் ஒரு நாளும் ஒரு பெயரும் இருக்கும். அந்தப் பெயர் என் கணவருடையதாக இருக்க வேண்டும். அவர் போன பிறகு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவருக்கும் ஈக்கும் சம்பந்தமே கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சைக்கு முந்தின நாள் மாணவர்கள் கொண்டுவரும் நோட்டு, இதெல்லாம்தான் அவர் உலகம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நான் தனியாகக் கோட்டைக்குப் போய்ச் சேற்றில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரோ வீட்டில் வந்து சொன்னதால் என்னோடு வர ஆரம்பித்தார். முதலில் குடை பிடித்தார். பிறகு குரங்கு வந்தால் விரட்டினார். அப்புறம் அவரே பிடிக்கத் தொடங்கினார்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். என் மாமியார் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். குடிக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியில் ஏதாவது உயிர் தங்கியிருந்தால் அது சாகாமல் இருக்க அந்தத் துணியைத் திரும்பத் தண்ணீரிலேயே அலசி விடுவார். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, ஓர் அறை முழுக்கச் செத்த ஈயாக நான் சேர்த்து வைத்திருந்தேன். மாமியார் என்னைத் திட்டியதில்லை. அந்த அறையின் வாசற்படியைத் தாண்டியதும் இல்லை. இருபது வருடமாக, பெருக்குவதற்குக்கூட.

கணவர் இதற்கு நடுவில் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். சின்ன ஈயை வலையில் பிடித்தால் நசுங்கிவிடும். ஒரு குப்பியில் இரண்டு குழாய் செருகி, ஒன்றை ஈயின் மேல் வைத்து, மற்றொன்றை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். ஈ குப்பிக்குள் வந்து விழும். வாய்க்குள் வந்துவிடாமல் இருக்க உறிஞ்சுகிற குழாயின் அடியில் துணி கட்டுவோம். நான் கட்டியிருந்த துணியை அவர் நம்பவில்லை. அம்மாவின் வடிகட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டார். பிடித்ததும் குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து கரைமேல் போய் நின்றுகொள்வார். “புடிக்கறது மட்டுந்தான் என் வேல டீச்சர், மீதி உன் பாவம்” என்பார். என்னை அவர் எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலிக்கு ஆரம்பித்தது அப்படியே தங்கிவிட்டது.

லேபிள் அடிப்பது அவர் வேலை. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குள் நான்கு வரி வர வேண்டும். அதில் அவருக்குப் பெருமை. ஒன்று அடித்தாலும் ஒரு தாள், நாற்பது அடித்தாலும் ஒரு தாள் என்று எதற்குமே நாற்பதாக அடித்துக் கொடுப்பார். மீதி முப்பத்தொன்பதை என்ன செய்வது என்று ஒவ்வொரு முறையும் சண்டை போடுவேன்.

இரண்டு வருடமாக அந்த ஈயில் பெண்களே கிடைத்துக்கொண்டிருந்தன. முகம் முன்னால் புடைத்து, வெள்ளி பூசினாற்போல இருக்கும். இறக்கையில் புகைநிறத்தில் மூன்று திட்டுகள். எனக்கு அது புதிது என்று தெரிந்துவிட்டது. ஆனால் பெண்ணை வைத்து எழுத முடியாது. இந்தக் குடும்பத்து ஈக்களில் ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் உறுப்புகளின் வடிவம்தான் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும். மைசூரில் என்னோடு சேர்ந்து எழுத ஒத்துக்கொண்ட ஆய்வாளர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், போன் செய்யும்போதெல்லாம் ஆண் கிடைத்ததா என்றுதான் கேட்பார். பள்ளியில் இதை வெளியே சொல்ல முடியுமா?

வைகாசியில் ஒரு ஞாயிறு, குளத்தில் தண்ணீர் இறங்கி, படிக்குக் கீழே பாசி காய்ந்து வெடித்திருந்தபோது, கணவர் ஓர் ஆணைப் பிடித்தார். அது இறக்கையை விரித்து விரித்து மூடிக்கொண்டு நடந்ததாம், தன் மைத்துனன் மாதிரியே இருந்ததாம். நான் குப்பியைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஈக்கு உங்கள் பெயரையே வைக்கட்டுமா என்று கேட்டேன். அப்படி வைப்பதும் எங்கள் வழக்கம்தான்.

“அய்யய்யோ வேணாம். கடைக்கு எதிர்ல டீ குடிக்க முடியாது, ஈ வந்துட்டாம்பானுங்க. புடிச்சது நான்னு மட்டும் போட்டுக்கோ, போதும்.”

மறுநாளே லேபிள் வந்தது. நாற்பது.

அடுத்த வாரம், பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. காலையில் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் அந்த ஆணின் வயிற்றுப்பகுதியை மட்டும் பிரித்து, காரக் கரைசல் இருந்த சின்னக் குப்பியில் போட்டேன். குப்பியைச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்பில் கொதித்த வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினேன். காரத்தில் தசையெல்லாம் கரைந்து ஓடு மட்டும் நிற்கும். அப்போதுதான் உள்ளே இருப்பது தெரியும். இருபது நிமிடம். நேரமானதும் எடுத்துக் காரத்தைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் வெளுத்து, இற்றுப்போய்விடும். எட்டாவது நிமிடத்தில் போன் வந்தது. கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர். சார் மெஷின் மேலயே சாய்ஞ்சிட்டாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறோம் என்றார்.

அடுப்பை அணைத்தேன். குப்பியை எடுத்து அறையில் மேசைமேல் வைத்தேன். பர்ஸை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறினேன். பின்னால் உறவினர்கள் இதைச் சொல்லி வியந்தார்கள். அந்தப் பதற்றத்திலும் கேஸை அணைத்திருக்கிறாள், பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறாள், எவ்வளவு தெளிவு என்றார்கள். தெளிவெல்லாம் இல்லை. எனக்கு எதுவுமே இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் சரி என்றேன். டாக்டர் நான் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

காரியம் முடியும்வரை கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் என் அறைக் கதவு தெரியும். ஐந்து எட்டு வைத்தால் மேசை. மேசைமேல் குப்பி. குப்பிக்குள் அவர் பிடித்த ஈயின் வயிறு, காரத்தில்.

மூன்றாம் நாள் அது எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று மைசூர்க்காரரிடம் சொன்னேன், அது பொய். ஞாபகம் வந்தது. ஒரு நிமிட வேலை. எழுந்துபோய் ஊசியால் எடுத்துத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது. புருஷன் செத்து மூணு நாள் ஆகவில்லை, ஈயைப் பார்க்கப் போகிறாள் என்பார்களே என்று நினைத்தேன். துக்க வீட்டில் எழுந்து நடக்கவே இரண்டு பேர் கூட வருவார்கள். அதனால்தான் போகவில்லை என்று நீண்ட நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தோன்றுகிறது, எழ வேண்டும் என்றே எனக்கு இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒன்று கரைந்துகொண்டிருப்பது தெரிந்தது. சரி என்று இருந்தேன்.

எல்லோரும் போன பிறகு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, போய்ப் பார்த்தேன். குப்பியில் தண்ணீர் மட்டும் இருந்தது போலத் தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்து விளக்கைத் திருப்பியபோது ஒரு வெளிறிய விளிம்பு தெரிந்தது. ஊசி பட்டதும் அதுவும் நூலாகப் பிரிந்துவிட்டது. தலையும் மார்பும் இறக்கையும் காலும் ஊசியில் பத்திரமாக இருந்தன, அவர் பெயரோடு. வயிறு இல்லை. வயிறில்லாத ஈயை ஹோலோடைப்பாக வைக்க முடியாது. வைத்தால் எதையும் நிரூபிக்காது. மைசூர்க்காரர் துக்கம் விசாரித்துவிட்டு, ஒரு மாதம் பொறுத்து, அந்தக் குளத்திலேயே இன்னொரு ஆண் கிடைக்கிறதா பாருங்கள், அவசரமில்லை என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். வீட்டில் இருப்பதற்கு அது பரவாயில்லை. கோட்டை வாசலில் டிக்கெட் கொடுப்பவர், சார் எங்கம்மா என்று கேட்டார். சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கணவருடைய குப்பியையே எடுத்துப் போனேன், அந்த வடிகட்டித் துணியோடு. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஒன்றும் கிடைக்கவில்லை. பெண்ணே அபூர்வமாகத்தான் வந்தது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பி மேல்படி வரைக்கும் தண்ணீர் வந்தது. கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை, தண்ணீரில் பாதி முங்கிய படியில் நிறைய ஈக்கள் இருந்தன. ஒன்று இறக்கையை விரித்து விரித்து மூடிக்கொண்டு நடந்தது. உறிஞ்சினேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். குப்பியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் தெரிந்தது. நான்தானே வாங்குகிறவள்.

இந்த முறை அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிடத்தில் எடுத்தேன். எல்லாம் தெளிவாக வந்தது. நுனியில் இரண்டு சிறிய கொக்கிகள், உள்பக்கம் வளைந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மயிர். நான் பார்த்த எந்த இனத்திலும் அப்படி இல்லை. அவர் பிடித்ததோடு இறக்கைத் திட்டுகளை, முகத்தை, கால் முட்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒரே இனம். படம் வரைந்து முடித்தேன். அப்போது மேசை இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது. ஒன்று வெட்டியது போக, மீதி முப்பத்தொன்பது லேபிள்கள். செட்டிக்குளம், வைகாசி ஞாயிறு, அவர் பெயர்.

ஒன்றை வெட்டினேன். என் ஈயின் ஊசியில் குத்தினேன். அதே குளம்தானே, அதே ஈதானே, அவருடைய குப்பிதானே என்று நினைத்தேன். அவர் பிடித்ததை நான்தான் கெடுத்தேன், இது ஈடு என்றும் நினைத்தேன். பெட்டியை மூடினேன். கட்டுரையில் ஹோலோடைப் என்ற இடத்தில் அவர் பெயரையும் வைகாசித் தேதியையும் தட்டினேன். அதே ஞாயிறு அவர் இன்னொரு ஆணையும் பிடித்திருந்தார், இப்போதுதான் கண்ணில் பட்டது என்று மைசூருக்கு எழுதினேன். மூன்று வாரம் அது அப்படியே இருந்தது. ஒருவருக்கும் தெரிய வழியில்லை.

மைசூர்க்காரர் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஆர்வத்தில்தான் கேட்டார். அப்படியானால் ஆண்கள் தண்ணீர் இறங்கும் கோடையில்தான் கரைக்கு வருகின்றனவா, மழைக்காலத்தில் கிடைக்கவே இல்லையா, அப்படியென்றால் அதையும் இதன் இயல்பாக எழுதிவிடலாமே என்றார்.

நான் இரண்டு நாள் பதில் போடவில்லை. அந்த ஈ கார்த்திகையில், நிரம்பிய குளத்தில், ஈரப்படியில் நடந்தது. அதை நான் பார்த்தேன். அதைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். நான் லேபிளை மாற்றினால் அது நடந்ததே இல்லை. இனி யாராவது மழைக்காலத்தில் வந்து தேட வேண்டும் என்று நினைக்கவும் மாட்டார்கள். அதோடு கடையில் என் கணவர் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. சான்றிதழில் தேதியை ஒட்டி மறைத்து நகல் எடுத்துத் தரச் சொல்லி வருகிறவர்களை அவர் வெளியே போகச் சொல்லிவிடுவார். அதற்காக ஊரில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. நான் அவர் பெயரிலேயே அந்த வேலையைச் செய்துவைத்திருந்தேன்.

சனிக்கிழமை போய்க் கடையின் ஷட்டரைத் தூக்கினேன். ஆறு மாதத் தூசி. கம்ப்யூட்டர் ஓடியது. ‘டீச்சர் ஈ’ என்று ஒரு கோப்பு, திறந்தால் முழுத் தாளும் நாற்பது கட்டங்கள். முதல் கட்டத்தில் தேதியை மாற்றினேன். நான்காவது வரிக்குப் போய் அவர் பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். இனிஷியலும் போனதும் என் பெயரைத் தட்டினேன். அப்போது அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. மற்ற கட்டங்களையும் மாற்றி, அச்சிட்டேன். நாற்பது.

வீட்டுக்கு வந்து என் ஈயிலிருந்து அவர் லேபிளை உருவி, என்னுடையதைக் குத்தினேன். கட்டுரையில் ஹோலோடைப்புக்கு என் பெயர், கார்த்திகைத் தேதி. அவருடையது துணை மாதிரிகளின் வரிசையில், ‘வயிற்றுப்பகுதி இல்லை’ என்ற குறிப்போடு. மழைக்காலத்திலும் ஆண் வரும், லேபிளை மாற்றியது நான்தான் என்று மைசூர்க்காரருக்கு எழுதினேன். முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. நிமிர்ந்தபோது அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா பண்ணிக்கினு இருக்கற?”

சொன்னேன். அவன் பிடித்தது எது என்று கேட்டார். மைக்ரோஸ்கோப்பில் வைத்து, எப்படிக் கண் வைப்பது என்று காட்டினேன். நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். இதற்கு வயிறு எங்கே என்றார். மைசூர்க்காரரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். குப்பியைப் பற்றி, சுவரோரம் உட்கார்ந்தபடி எனக்கு ஞாபகம் வந்ததைப் பற்றி, நான் எழாததைப் பற்றி. அதனால் ஹோலோடைப்பில் அவர் பெயர் வராது, என் பெயர்தான் வரும் என்பதையும் சொன்னேன். உயிரைக் கொன்றதற்கும் கெடுத்ததற்கும் சேர்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“ரெண்டும் எங்க இருக்கும்?”

“கொல்கத்தால அத்தை. பெரிய சேகரிப்பு இருக்குது, அங்க அனுப்பணும்.”

“ஒரே பொட்டியிலதான வெப்பாங்க?”

“ஆமா அத்தை. பக்கத்துப் பக்கத்துல.”

“அப்ப சரி” என்று நிமிர்ந்தார். “எழுந்து வா. பொழுது சாயுது, சாப்புடு.”

தட்டில் இட்டிலியைப் பிட்டபோது அழுகை வந்தது. வைகாசியிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்தது. மாமியார் எதிரில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே, அழுதுக்கினே சாப்புடும்மா என்றார். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.